கறுப்பு டேப்

சிங்கப்பூரில் கட்டுமான சைட்டில் பாதுகாப்பு சூப்பர்வைசராகப் பதினொரு வருஷம் ஆகிறது. தினமும் காலை எட்டு மணிக்கு டூல்பாக்ஸ் மீட்டிங், வேலை தொடங்கும் முன் பாதுகாப்பைப் பற்றிப் பேசும் சின்னக் கூட்டம். "யாருக்காவது ஏதாவது பிரச்சினை இருக்கா?" என்று கேட்பேன், "இல்லண்ணே" என்று ஒரே குரலில் பதில் வரும், நானும் அதை நம்பி அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவேன்.

போன மாதம் ஏழாவது மாடியில் ஒரு தம்பியின் ஹார்னஸை, விழாமல் தாங்க உடம்பில் மாட்டும் பாதுகாப்புப் பட்டையை, கையில் எடுத்துப் பார்த்தேன். பட்டுக்கோட்டைப் பக்கத்துப் பையன். கொக்கிக்குக் கொஞ்சம் மேலே பட்டையில் நூல் பிரிந்திருந்தது. அதன்மேல் மூன்று சுற்றுக் கறுப்பு டேப், முனையை உள்ளே மடித்து அவ்வளவு சுத்தமாக ஒட்டியிருந்தான். இங்கே மூன்று மீட்டருக்கு மேல் விழ வாய்ப்புள்ள வேலைக்கு பெர்மிட் இல்லாமல் ஏறக்கூடாது. பெர்மிட் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

"ஏன்டா சொல்லலை?"

"புதுசு கேட்டா சம்பளத்துல பிடிப்பீங்கன்னு நினைச்சேன் அண்ணே."

எங்கள் சைட்டில் யாருக்கும் அப்படிப் பிடித்ததே இல்லை. ஆனால் வேலைக்கு அனுப்பிய ஏஜெண்டுக்குக் கட்ட வாங்கிய கடன் ஊரில் வட்டியோடு வளர்ந்துகொண்டிருக்கும்போது, வாயைத் திறக்காமல் இருப்பதுதான் பத்திரம் என்று மனசு சொல்லிவிடுகிறது போல. அப்புறம்தான் ஞாபகம் வந்தது, முந்தின வாரம் கையுறையைத் தொலைத்த ஒருவரை எல்லார் முன்னாலும் நான் கத்தினேன், இவனும் அங்கேதான் நின்றான். ஏழு மாடி உயரத்தைவிட என் முகம் அவனுக்குப் பெரிய பயமாக இருந்திருக்கிறது.

அடியாத மாடு படியாது என்று எங்கள் அப்பா சொல்வார், நானும் அதை அப்படியே வேலைக்குக் கொண்டுவந்துவிட்டேன். படியும், சரி. ஆனால் காலில் முள் ஏறினாலும் நிற்காமல் நடக்கும்.

2004 ஏப்ரல் 20இல் நிக்கல் நெடுஞ்சாலையில் எம்ஆர்டி ரயில் சுரங்கத்துக்குத் தோண்டிய பள்ளம் இடிந்து நான்கு பேர் இறந்தார்கள். ஆபத்துக்கான அறிகுறிகள் முன்பே தெரிந்தும் கவனிக்கப்படவில்லை என்று விசாரணைக் குழு சொன்னது. அளவுக் கருவி காட்டியதையே கண்டுகொள்ளாதவர்கள் நாம், பயந்து நிற்கும் ஒருவன் வாய்க்குள்ளேயே விழுங்கிக்கொள்வது எங்கே காதில் விழப்போகிறது?

இப்போது மீட்டிங்கில் அந்தக் கேள்வியை நான் கேட்பதில்லை. ஒவ்வொருவர் பக்கத்திலும் போய் நின்று ஹார்னஸைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே, ஊரில் மழை பெய்ததா, பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா என்று பேசுகிறேன். நேரம் ஆகிறதென்று மேனேஜர் முணுமுணுக்கிறார், ஆகட்டும்.

நேற்று அந்தத் தம்பியே கையைத் தூக்கினான். "அண்ணே, அஞ்சாவது மாடியில ஒரு தடுப்புக் கம்பி ஆடுது."

போய்ப் பார்த்தோம். ஆடத்தான் செய்தது.