கழுகுமலையில் ஒரு கார்த்திகை நாள்

கழுகுமலைக் கோயிலில் சாமியை வலம் வருவதென்றால் மலையையே சுற்றி வரவேண்டும். இங்கே முருகனுக்குக் கழுகாசலமூர்த்தி என்று பெயர். அவர் கருவறை பாறையைக் குடைந்து எடுத்தது. தலைக்கு மேல் தனியாக விமானம் கிடையாது, மலைதான் விமானம்.

தை மாதக் கார்த்திகைக்குப் பெரியம்மாவோடு போயிருந்தேன். கோவில்பட்டியிலிருந்து சங்கரன்கோவில் போகிற ரோட்டில் இருபது கிலோமீட்டர் சொச்சம். இரண்டு பக்கமும் கரிசல் காடு. ஆற்றுப் பாசனம் இல்லாத பூமி. ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. அப்படி விளைந்த உளுந்தும் பாசிப்பயறும் தையில் களத்துக்கு வரும். அன்றைக்குக் களம் ரோட்டுக்கே வந்திருந்தது. பாதி ரோட்டை அடைத்து உளுந்துச் செடியைப் பரப்பியிருந்தார்கள், பஸ் ஏறிப் போகட்டும் என்று. டிரைவர் ஒன்றும் சொல்லாமல் ஏற்றினார். நெற்று நொறுங்குகிற சத்தம் உள்ளே வரைக்கும் கேட்டது. ஓரத்தில் ஒரு அம்மா வாருகோலோடு நின்று, தெறித்த பயறைக் கூட்டிச் சேர்த்துவிட்டு அடுத்த வண்டிக்காகத் தள்ளி நின்றார்.

பெரியம்மா மடியிலும் அந்த உளுந்துதான் இருந்தது. ஒரு மஞ்சள் பையில் புது உளுந்து, கொஞ்சம் மிளகாய் வத்தல். முதல் மகசூலில் சாமிக்கு எடுத்து வைக்காமல் அவர் வீட்டில் உலை வைக்க மாட்டார். இந்தப் பக்கத்துச் சம்சாரிகளுக்கு, அதாவது விவசாயிகளுக்கு, இது பழகின விஷயம். சங்கரன்கோவில் ஆடித்தபசில் பருத்தியையும் வத்தலையும் பயறையும் அள்ளி சாமி மேலேயே வீசுவார்களே, அதே கணக்குதான்.

சாமி மேற்குப் பார்த்து மயில்மேல் உட்கார்ந்திருக்கிறார். ஒரு முகம், ஆறு கை. மற்ற ஊர்களில் மயிலின் தலை சாமிக்கு வலப்பக்கம் இருக்கும், இங்கே இடப்பக்கம். சூரன் மயிலாகும் முன்னே இந்திரன் மயிலாக வந்து நின்ற கோலம் என்கிறார்கள். ஊர்ப் பெயருக்கும் ஒரு கதை உண்டு: ஜடாயுவின் அண்ணன் சம்பாதி இங்கே முருகனை வழிபட்டு மோட்சம் அடைந்தாராம். எனக்கு அங்கே மனசு நின்றது கதையில் அல்ல, சுற்றியிருந்த உபயப் பெயர்களில். விளக்கில், மணியில், ஃபேன் இறக்கையில், படிக்கல்லில் என்று யார் யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள். பெயரைப் போடாமல் கொடுத்தால் சாமிக்குத் தெரியாதா என்று கேலியாக நினைத்துக்கொண்டேதான் மலை ஏறினேன்.

மேலே சமணச் சிற்பங்களுக்கு முன்னால் அந்தக் கேலி நிற்கவில்லை. பாறை முகம் முழுக்க வரிசை வரிசையாகச் சமண குருமார்களான தீர்த்தங்கரர்கள், முக்குடை என்கிற மூன்றடுக்குக் குடைக்குக் கீழே ஒரே மாதிரி அமர்ந்தபடி. நடுநடுவே பெரிய உருவங்களாகப் பார்சுவநாதர், பாகுபலி, சிங்கத்தோடு அம்பிகா இயக்கி என்கிற சமணப் பெண் தெய்வம். எல்லாம் 8-ஆம் நூற்றாண்டை ஒட்டிய பாண்டியர் காலத்து வேலை. பல உருவங்களுக்கு அடியில் வட்டெழுத்து என்கிற பழைய தமிழ் எழுத்தில் ஒரு வரி: இன்னார் செய்வித்த திருமேனி. அதுவும் உபயம்தான்! செய்வித்தவர்களில் தச்சரும் குயவரும் கொல்லரும் உண்டு. மாணாக்கர்கள் உண்டு, குரத்திகள் எனப்பட்ட பெண் ஆசிரியர்களும் உண்டு. கோட்டாறு, திருச்சாரணம் என்று தெற்கே தொலைவிலிருந்தெல்லாம் வந்திருக்கிறார்கள். பஸ்ஸா, ரோடா? நடந்துதான்.

பெரியம்மாவுக்கு விவரம் சொன்னேன். கையிலிருந்த மிச்ச வத்தலில் இரண்டை எடுத்துப் பாறை ஓரம் வைத்தார். “எய்யா, எந்தச் சாமியா இருந்தா என்ன, வந்தது வந்தாச்சு, கும்பிட்டுக்க” என்றார். சமண முனிவர்களுக்கு வத்தலா என்று யாரும் சண்டைக்கு வரவில்லை.

வெட்டுவான் கோயிலுக்குச் சற்று இறங்கவேண்டும். மலையைச் சதுரமாக வெட்டிப் பள்ளமாக்கி, நடுவில் நின்ற பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கியது. விமானம் முடிந்துவிட்டது, அடிப்பக்கம் இன்னும் பாறையாகவே நிற்கிறது. தெற்கே மிருதங்கம் வாசிக்கும் தட்சிணாமூர்த்தி. விரல் மடங்கியிருக்கிற அழகை விட்டு நகர மனம் வராது. அப்பன் சிற்பி மகன் சிற்பியைக் கொன்றதால் வேலை நின்றது என்று ஒரு கதை சொல்வார்கள். முடியாத கோயில் எங்கே இருந்தாலும் இப்படி ஒரு கதை முளைத்துவிடும். பணம் நின்றிருக்கலாம், ஆதரித்தவர் போயிருக்கலாம்.

சாயங்காலம் கிரிவலம். அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்து பிறந்தது இந்த முருகன் மேல்தான். காவடி தூக்குகிறவன் கால் எப்படி விழுமோ அப்படியே அந்தச் சந்தமும் விழும். முன்னால் போன கூட்டத்தில் ஒருவர் பாட, பெரியம்மா மூட்டுவலியை மறந்து என்னைவிட வேகமாகப் போனார். ஆனால் இந்த வீதிகளில் எல்லாரும் எப்போதும் இப்படி இஷ்டப்படி நடந்துவிடவில்லை. தேர் ஓடும் தெருவில் யார் ஊர்வலம் போகலாம் என்ற தகராறு 1895 பங்குனித் திருவிழாவில் கலவரமாகி, உயிர்கள் போயின. தலவரலாற்றோடு அதையும் தெரிந்துகொண்டு நடப்பது நல்லது என்றே எனக்குப் படுகிறது.

போகிறவர்கள் காலையிலேயே மலை ஏறிவிடுங்கள், பத்து மணிக்கு மேல் பாறை கொதிக்கும். தண்ணீரைக் கீழேயே வாங்கிக்கொள்ளுங்கள். வட்டெழுத்தைப் பார்க்கச் சாய்வான காலை வெயில்தான் தோது. அப்புறம், ரோட்டில் உளுந்து கிடந்தால் ஒதுங்கிப் போகாதீர்கள், மேலேயே ஏற்றுங்கள்.