உள்ளறையில் கணினி, கூடத்தில் கன்ட்ரோலர்

உள்ளறைக் கணினியில் ஓடும் விளையாட்டைக் கூடத்துத் தொலைக்காட்சியில் ஆட விரும்புகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, வயர்லெஸ் கன்ட்ரோலரை எதனுடன் இணைப்பது என்பதைத்தான். கணினியுடன் வேண்டாம், தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் இருந்து, கணினியின் விளையாட்டுக் காட்சியை வீட்டு நெட்வொர்க் வழியாக வாங்கித் திரையில் காட்டும் கருவியுடன் இணையுங்கள் என்றே எல்லோருக்கும் சொல்லிவருகிறேன்.

ராயபுரத்தில் நாங்கள் குடியிருக்கும் வீடு, இப்பகுதியின் பழைய வீடுகள் பலவற்றைப் போலவே, தெருப்பக்கம் குறுகி உள்ளே நீண்டு செல்வது. கூடத்துக்கும் கணினி இருக்கும் கடைசி அறைக்கும் நடுவே இரண்டு தடித்த செங்கல் சுவர்களும் ஓர் இரும்பு பீரோவும் நிற்கின்றன. ப்ளூடூத் கன்ட்ரோலருக்குப் பத்து மீட்டர் வரை எட்டும் என்று சொல்லப்படுவதெல்லாம் தடையில்லாத இடத்துக்கான கணக்கு. சிக்னல் நடுவில் அறுந்தால் இணைப்பு உடனே துண்டிக்கப்படுவதில்லை என்பதால் கோளாறு எங்கே என்று சட்டெனப் புரியாது. கால்பந்து விளையாட்டில் குச்சியிலிருந்து விரலை எடுத்த பிறகும் நம் ஆட்டக்காரர் அதே திசையில் ஓடி, பந்தோடு கோட்டைத் தாண்டிப் போய்விடுவார். கால்பந்தை உயிராக நினைக்கும் வடசென்னையில் இதைப் பொறுத்துக்கொள்ள யாருக்கும் மனம் வராது.

சுவரைக் காட்டிலும் பெரிய தொல்லை அலைவரிசை நெரிசல். ப்ளூடூத்தும் பழைய வகை வைஃபையும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியையே பங்கிட்டுக்கொள்கின்றன. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள் நிறைந்த எங்கள் தெருவில் கைப்பேசியைத் திறந்தால் அக்கம்பக்கத்து வைஃபை பெயர்கள் ரேஷன் கடை வரிசை போல நீள்கின்றன. ப்ளூடூத் நெரிசலுள்ள தடங்களைத் தவிர்த்துத் தாவக்கூடியதுதான் என்றாலும், தாவுவதற்கு ஒதுக்குப்புறமான இடம் மிஞ்ச வேண்டுமே! போதாக்குறைக்கு, யூஎஸ்பி 3.0 கருவிகளும் கேபிள்களும் இதே பகுதியில் இரைச்சலைக் கிளப்புகின்றன என்று இன்டெல் 2012-இல் வெளியிட்ட அறிக்கையே சொல்கிறது. ஆகவே, ப்ளூடூத் டாங்கிளை (யூஎஸ்பி துளையில் செருகும் சிறு ப்ளூடூத் துண்டு) வெளி ஹார்டு டிஸ்க்கின் பக்கத்தில் செருகாமல், ஒரு சிறிய எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டுத் தள்ளி வைப்பது நல்லது.

கன்ட்ரோலரைக் கூடத்துக் கருவியுடன் இணைத்துவிட்டால், நாம் அழுத்தும் பொத்தானை, கணினி விளையாட்டை வேறு திரைக்குக் கொண்டுவரும் ஸ்டீம் லிங்க் அல்லது மூன்லைட் செயலி படித்து, வீட்டு நெட்வொர்க் வழியாகக் கணினிக்கு அனுப்பிவிடும். ஸ்டீம் லிங்க் 2015-இல் தனிப்பெட்டியாக விற்பனைக்கு வந்து, 2018-இல் நிறுத்தப்பட்டு, இப்போது செயலியாக மட்டும் தொடர்கிறது. மூன்லைட்டுக்குக் கணினிப் பக்கம் சன்ஷைன் என்ற இலவச மென்பொருள் போதும். வந்து சேரும் தகவலைக் கொண்டு கணினியில் ஒரு மெய்நிகர் கன்ட்ரோலர் உருவாக்கப்படுகிறது. பெரும்பாலும் அது எக்ஸ்பாக்ஸ் வகையாகவே அமைவதால், கையில் பிளேஸ்டேஷன் கன்ட்ரோலர் இருந்தாலும் திரையில் ஏ, பி, எக்ஸ், ஒய் என்றே காட்டக்கூடும். பழகிவிடும்.

பொத்தான் தகவல் மிகச் சிறியது. நெட்வொர்க்குக்கு உண்மையான சுமை எதிர்த்திசையில் வரும் வீடியோதான். நொடிக்கு 60 காட்சிகள் என்றால் ஒரு காட்சிக்குக் கிடைப்பது ஏறத்தாழ 16.7 மில்லிநொடி. ஆகையால் கணினியிலிருந்து ரவுட்டருக்கு லேன் கேபிள் இழுப்பதையும், தொலைக்காட்சியில் படம் காட்டும் தாமதத்தைக் குறைக்கும் கேம் மோடை இயக்குவதையும் நான் கட்டாயம் என்றே சொல்வேன். கேபிளை வென்டிலேட்டர் வழியாகக் கொண்டுபோய்ச் சுவரோரமாகக் கிளிப் அடித்திருக்கிறோம். கடல் பக்கத்து உப்புக்காற்றில் மலிவான இணைப்பிகளின் முனைகள் பச்சை பூத்துவிடுகின்றன என்பதால், அதில் மட்டும் காசு பார்க்க வேண்டாம். கேபிளுக்கு வழியே இல்லாதவர்கள், கூடத்துக் கருவியையாவது ரவுட்டர் இருக்கும் அறையிலேயே வைத்து, 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இணைத்துக்கொள்ளலாம்.

இருவர் சேர்ந்து ஆடும்போது, உள்ளறைக் கணினியில் ஏற்கெனவே ஒரு கன்ட்ரோலர் செருகியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இருந்தால் அதுவே முதல் ஆட்டக்காரரின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். கூடத்தில் இருப்பவர் இரண்டாம் ஆட்டக்காரராகிவிடுவார், சில விளையாட்டுகளில் மெனுவைக்கூட நகர்த்த முடியாது. அதைக் கழற்றிவிட்டு விளையாட்டை மறுபடி தொடங்கினால் சரியாகிவிடும்.