இன்னும் ஒரு படி இருந்தது

மே 6
சத்துவாச்சாரியில் மாடி வீடு, வெளிச்சுவர் பெயிண்டிங். கத்திரி வெயிலில் பதினோரு மணிக்கே சுவரில் கை வைக்க முடியவில்லை. மதியம் பாதி வாளியோடு ஏணியில் இறங்கும்போது, தரை வந்துவிட்டது என்று காலை வைத்தேன். இன்னும் ஒரு படி இருந்தது. விழவில்லை, பெயிண்டும் சிந்தவில்லை. இடுப்பில் மட்டும் சுருக்கென்றது. "சுளுக்குதான்பா" என்றார் மேஸ்திரி. சாயங்காலம் வரை அடித்தேன். அதுதான் தப்பு.

மே 7
ஒருக்களித்து உருண்டுதான் எழுந்தேன். அம்மா நொச்சி இலை வதக்கி ஒத்தடம் கொடுத்தார். அண்ணி, சித்தூர் தாண்டிப் புத்தூர் போய்க் கட்டுப் போடலாம் என்கிறார். கை, கால் என்றால் சரி. இடுப்பில் எதைக் கட்டுவது?

மே 9
எலும்பு டாக்டரிடம் போனேன். கால் மரத்துப் போகிறதா, இருமினால் வலி காலுக்கு இறங்குகிறதா, சிறுநீர் போவதில் சிரமமா என்று கேட்டார். கடைசிக் கேள்விக்கு ஆமாம் என்றால் அன்றே அட்மிட் ஆகவேண்டுமாம். நல்லவேளை, எனக்கு மூன்றும் இல்லை. தசைப்பிடிப்புதான். படுத்தே கிடக்கக் கூடாதாம், மெல்ல நடக்கணுமாம். 20 லிட்டர் வாளி நிறைய இருந்தால் கிட்டத்தட்ட 30 கிலோ. அதை ஒரு கையில் தொங்கவிட்டு ஏறியிறங்குவேன் என்றதும் நிமிர்ந்து பார்த்தார். பதினைந்து வருஷமாக அப்படித்தான்.

மே 14
கையில் காசில்லை. ராணிப்பேட்டைத் தோல் ஷெட்டில் இருக்கும் மச்சானுக்கு இ.எஸ்.ஐ. உண்டு. வேலையில் அடிபட்டால் சம்பளத்தில் 90 சதவீதம் வரும். என்னிடம் இருப்பது நல வாரிய அட்டை, அதையும் புதுப்பிக்காமல் விட்டிருக்கிறேன். மேஸ்திரி இரண்டு நாள் கூலி கொடுத்தனுப்பினார். அவருக்கே பாக்கி வரவேண்டியிருக்கிறது, பாவம்.

மே 20
பாகாயம் போனேன். கூட வேலை பார்த்த அண்ணன் அங்கே புனர்வாழ்வு மையத்தில் இருக்கிறார். 1954இல் விபத்தில் கால்கள் செயலிழந்து, சக்கர நாற்காலியில் இருந்தே அறுவை சிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸ் முன்னின்று 1966இல் உருவாக்கிய இடம். அண்ணன் விழுந்தது பன்னிரண்டு அடிதான். ஏணி பிடித்த பையன் டீ வாங்கப் போயிருந்தானாம். பையனை அவர் திட்டவே இல்லை. நாற்காலியைத் திருப்பக் கற்றுக்கொண்டதைத்தான் காட்டினார்.

ஜூன் 3
மறுபடி வேலை. வாளி இனிமேல் கயிற்றில்தான் ஏறும். நாலு அடி உயரத்துக்கு ஒரு அடி தள்ளி ஏணிக்கால். அப்புறம், மீந்த சிவப்பு பெயிண்டைக் கடைசிப் படிக்கு அடித்துவைத்தேன். மேஸ்திரி பார்த்துவிட்டு, "என்னப்பா, ஏணிக்குப் பொட்டு வச்சிட்டியா?" என்றார்.