சி.எஃப்.எம். என்றால் எந்த சி.எஃப்.எம்.?

கம்ப்ரஸர் வாங்கப் போனால் முதலில் காதில் விழுவது எத்தனை ஹெச்.பி. என்பது. அடுத்து டேங்க் எத்தனை லிட்டர், எத்தனை கிலோ பிரஷர். நிமிடத்துக்கு எவ்வளவு காற்று தரும் என்ற கேள்வி கடைசியில்தான் வரும், சில சமயம் வராமலே போகும். அதைச் சொல்லும் அளவுதான் சி.எஃப்.எம்., நிமிடத்துக்கு இத்தனை கன அடி. 1 சி.எஃப்.எம். என்பது நிமிடத்துக்கு சுமார் 28.3 லிட்டர்.

கேட்லாக்கில் பெரிய எழுத்தில் இருக்கும் சி.எஃப்.எம். பல நேரம் பிஸ்டன் டிஸ்பிளேஸ்மென்ட், அதாவது பிஸ்டன் நிமிடத்துக்குத் தள்ளும் மொத்த இடம். வெறும் கணக்கு அது. 70 மி.மீ. போர் (சிலிண்டர் விட்டம்), 60 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்), இரண்டு சிலிண்டர், 900 ஆர்.பி.எம். என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சிலிண்டர் 231 சி.சி., இரண்டும் சேர்ந்து 462 சி.சி. அதை 900-ஆல் பெருக்கினால் நிமிடத்துக்கு 416 லிட்டர், அதாவது 14.7 சி.எஃப்.எம்.

இது முழுக்க டேங்குக்குப் போய்ச் சேராது. பிஸ்டன் ஹெட்டில் முட்டாமல் இருக்க விட்ட இடைவெளியில் கொஞ்சம் அழுத்தக் காற்று தங்கிவிடும். பிஸ்டன் இறங்கும்போது அது விரிந்து, புதுக் காற்று வரவேண்டிய இடத்தை அடைத்துக்கொள்ளும். உள்ளே வரும் காற்றும் சிலிண்டர் சூட்டில் விரியும். ரிங், வால்வு வழியே கசிவது வேறு. இவ்வளவும் போக வெளியே வருவதை, உறிஞ்சிய இடத்தின் அழுத்தத்துக்கும் வெப்பத்துக்கும் திருப்பிக் கணக்கிட்டால் கிடைப்பதுதான் எஃப்.ஏ.டி. (ஃப்ரீ ஏர் டெலிவரி). காற்றை ஒரே தடவையில் அமுக்கும் சிறிய சிங்கிள் ஸ்டேஜ் மெஷினில் 7 பார் அழுத்தத்துக்கு இது டிஸ்பிளேஸ்மென்ட்டில் 60 - 70 சதவீதம் வந்தால் பரவாயில்லை. மேலே சொன்ன மெஷினிடம் ஒன்பது, பத்து சி.எஃப்.எம்.தான் எதிர்பார்க்கலாம். இரண்டு படியாக அமுக்கும் டூ ஸ்டேஜில், முதல் படியான லோ பிரஷர் சிலிண்டரை மட்டும் கணக்கில் எடுக்க வேண்டும். ஹை பிரஷர் சிலிண்டர் அதே காற்றைத்தான் மறுபடி அமுக்குகிறது. இரண்டையும் கூட்டிச் சொல்பவரிடம் உஷாராக இருங்கள்.

எஃப்.ஏ.டி.யை டேங்கை வைத்தே சோதித்துவிடலாம். டிரெயின் வால்வைத் திறந்து தண்ணீரை முழுக்க இறக்குங்கள். தண்ணீர் நின்றால் டேங்க் சீக்கிரம் நிரம்பி, மெஷின் நல்ல மெஷின் போலத் தெரியும். கேஜ் பூஜ்யத்துக்கு வந்ததும் அவுட்லெட்டை மூடி, ஓடவிட்டு, 7 பார் தொட எத்தனை நிமிடம் என்று பாருங்கள். டேங்க் லிட்டரை 7-ஆல் பெருக்கி நிமிடத்தால் வகுத்தால் முடிந்தது. 500 லிட்டர் டேங்க் 6 நிமிடத்தில் ஏறினால் 583 லிட்டர், 20.6 சி.எஃப்.எம். ஆனால் டேங்குக்குள் காற்று சூடாக இருக்கும், சூட்டுக்கும் பிரஷர் ஏறும். உறிஞ்சிய காற்று 30 டிகிரி, டேங்கில் 45 டிகிரி என்றால் இரண்டோடும் 273-ஐக் கூட்டி, 303/318-ஆல் பெருக்குங்கள்: 19.6 சி.எஃப்.எம். மலைப்பகுதியில் வெளிக்காற்றின் அழுத்தம் 1 பாருக்கும் குறைவு, அதாலும் வகுக்க வேண்டும்.

பிரஷர் விஷயத்தில் குழப்பம் குறைவு. 1 பார் 14.5 பி.எஸ்.ஐ.; ஒரு கிலோ (சதுர சென்டிமீட்டருக்கு) 0.98 பார், பட்டறைக் கணக்குக்கு இரண்டும் ஒன்றுதான். கவனிக்க வேண்டியது, கேஜ் காட்டுவது வெளிக்காற்றுக்கு மேல் உள்ள அழுத்தத்தை மட்டும். கேஜில் 7 என்றால் உண்மையில் 8 பார், கம்ப்ரஷன் ரேஷியோவும் (வெளிக்காற்றைப் போல எத்தனை மடங்கு அழுத்தம் என்பது) 8. டூ ஸ்டேஜில் ஒவ்வொரு ஸ்டேஜுக்கும் அதன் வர்க்கமூலம், சுமார் 2.83. அப்படியானால் இரண்டு ஸ்டேஜுக்கும் இடையில் உள்ள கேஜ் ஏறக்குறைய 1.8 பார் காட்ட வேண்டும். கண்டபடி ஏறினால் ஹை பிரஷர் வால்வு பிடிக்கவில்லை என்று சந்தேகப்படலாம். இறங்கினால் லோ பிரஷர் வால்வையோ அடைத்துப்போன சக்‌ஷன் ஃபில்டரையோ பாருங்கள். ஹெட்டைக் கழற்றுவதற்கு முன் இந்த ஒரு கேஜைப் பார்த்தாலே பாதி வேலை மிச்சம்.

டூல் இழுக்கவில்லை என்று பிரஷர் சுவிட்சில் கட்-ஆஃபை (மெஷின் நிற்கும் அழுத்தத்தை) ஏற்றுவது பரவலான பழக்கம். 7 பாரை ஒட்டி ஒவ்வொரு பார் ஏற்றத்துக்கும் சுமார் 6 - 7 சதவீதம் கரண்ட் கூடும், கசிவும் கூடும். டூல் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் வாயிலேயே கேஜ் மாட்டிப் பாருங்கள். டேங்கில் 7, டூலில் 5 என்றால் குற்றவாளி ஹோஸ், கப்ளிங், ஃபில்டர் இவற்றில் ஏதோ ஒன்று.

பிஸ்டனுக்குப் பதில் சுழலும் திருகுகளால் அமுக்கும் ஸ்க்ரூ கம்ப்ரஸரில் லோடு (காற்று தரும் நேரம்), அன்லோடு (தராமல் சுற்றும் நேரம்) என்று இரண்டு மணிக்கணக்கு ஓடும். அன்லோடில் காற்று வராவிட்டாலும் மோட்டார் சும்மா சுற்றி முழுச்சுமையில் கால் பங்குக்கு மேல் கரண்ட் தின்னும். இதே கணக்கை லீக் பிடிக்கவும் பயன்படுத்தலாம். எல்லா மெஷினையும் நிறுத்திவிட்டு கம்ப்ரஸரை மட்டும் ஓடவிடுங்கள். 2 நிமிடம் லோடு, 8 நிமிடம் அன்லோடு என்றால் எஃப்.ஏ.டி.யில் 20 சதவீதம் லீக்கில் போகிறது. மோட்டார் வேகத்தை மாற்றும் வி.எஃப்.டி. மாட்டிய மெஷினுக்கு இந்தக் கணக்கு சரிப்படாது, அது வேகத்தையே குறைத்துக்கொள்ளும்.

காற்றின் ஈரத்தை எடுக்கும் ட்ரையரின் டியூ பாயின்ட்டிலும் (ஈரம் தண்ணீராக மாறத் தொடங்கும் வெப்பநிலை) எண்ணைப் பெரிதாகக் காட்டும் இதே விளையாட்டு உண்டு. காற்றைக் குளிரவைத்து உலர்த்தும் ரெஃப்ரிஜரேட்டட் ட்ரையர் தருவது பிரஷரில் 3 டிகிரி. அதே காற்றை வெளியே விட்டு அளந்தால் மைனஸ் 20-க்கும் கீழே வரும், அந்த எண்ணைச் சொல்லி விற்பவர்களும் உண்டு. பிரஷர் டியூ பாயின்ட்டே மைனஸ் 40 வேண்டும் என்றால் ஈரத்தை உறிஞ்சும் பொருள் வைத்த டெசிகன்ட் ட்ரையர்தான் வழி. ட்ரையரின் சி.எஃப்.எம். எத்தனை டிகிரி இன்லெட் காற்றுக்கு என்றும் கேளுங்கள். பெரும்பாலும் 35 டிகிரிக்குத்தான் எழுதியிருப்பார்கள். கம்ப்ரஸரிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் ஆஃப்டர் கூலரில் தூசி அடைந்து 50 டிகிரியில் காற்று வந்தால், புது ட்ரையரும் லைனில் தண்ணீர் விடும்.