ஐப்பசி ஜாடி

அக்டோபர் 6, ஞாயிறு

காலை: ரோஜா இல்லை. எலுமிச்சை இல்லை. கிராம்பு சுருக்கென்று குத்தியது. தைலம் குளிர்ந்தது, மணக்கவில்லை.

இரவு: அதே.

அக்டோபர் 8, செவ்வாய்

மூக்கு இழந்த வாசனையைத் திரும்பப் பழக்க டாக்டர் சொன்ன கணக்கு 12 வாரம். காலையும் இரவும் நான்கு டப்பா, ஒவ்வொன்றும் 20 விநாடி, மோந்து பார்க்கும்போதே அந்த வாசனை எப்படி இருந்தது என்று மனதுக்குள் கொண்டுவர வேண்டும். இப்போது ஐந்தாவது வாரம். குத்துவதும் குளிர்வதும் வேறு நரம்பு வழியாகப் போகிற சங்கதி, அதை வாசனை என்று எண்ணிக்கொள்ளாதீர்கள் என்றார். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு வாரமாக.

அக்டோபர் 10, வியாழன்

அண்ணன் போன் செய்தார். "ஞாயித்துக்கிழமை வந்துரும்மா, திராட்சை வெட்டப்போறோம். இதுக்கு மேல விட்டா மழை வந்துரும்." வருஷா வருஷம் நான்தான் கேட்டு நச்சரிப்பேன், இந்த வருஷம் அவராகக் கூப்பிட வேண்டியிருந்தது. போகவே பயமாக இருக்கிறது. பந்தலுக்குக் கீழே குனிந்து நுழைந்ததும் முகத்தில் வந்து விழுமே அது, அது இல்லாமல் அங்கே எப்படி நிற்பேன்.

அக்டோபர் 13, ஞாயிறு

போனோம். ஆரப்பாளையத்தில் விடிகாலை பஸ், உசிலம்பட்டி, ஆண்டிபட்டிக் கணவாய், தேனி, அங்கிருந்து சின்னமனூர், உத்தமபாளையம், ராயப்பன்பட்டி. கணவாய் தாண்டியதும் சின்னவள் ஜன்னலைத் திறந்துவிட்டாள். காற்று மட்டும் வந்தது எனக்கு.

பந்தல் முழுக்கப் பழம். கருநீலத்தில், மேலே சாம்பல் பூத்தாற்போல வெள்ளையாக, விரலால் தொட்டால் தொட்ட இடம் பளபளக்கும். ஆனி மாதம் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்தது, நாலு மாதத்தில் வெட்டுக்கு வந்துவிட்டது. மற்ற ஊர்களில் வருஷத்துக்கு ஒரு அறுப்பு, எங்கள் பள்ளத்தாக்கில் கொடி ஓய்வதே இல்லை, ஒரு தோட்டத்தில் கவாத்து நடக்கும்போது பக்கத்துத் தோட்டத்தில் வெட்டு நடக்கும். இலையெல்லாம் நீலம் படிந்திருந்தது. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடிக்கிறார்கள், அடிச்சாம்பல் நோய்க்கு. போர்டோ கலவை என்று அண்ணன் வாய்க்கு வாய் சொல்வார். அது பிரான்சில் ஒயினுக்குப் பேர்போன போர்டோ என்பதை நான் சொன்ன அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், அவ்வளவு பெருமை. 1880களில் அங்கேயும் இதே நோய்க்குத்தான் கண்டுபிடித்தார்கள்.

அண்ணி ஒரு கொத்தை அறுத்துக் கையில் கொடுத்தார். வாயில் போட்டேன். இனிப்பு. பின்னால் புளிப்பு. தோலைக் கடித்ததும் துவர்ப்பு. அதோடு முடிந்துவிட்டது. பன்னீர் மாதிரி மணக்கிறது என்பதால்தான் இதற்குப் பன்னீர்த் திராட்சை என்று பெயர், 2023இல் புவிசார் குறியீடு கொடுத்ததும் இந்தப் பழத்துக்குத்தான், அதில் எனக்குப் பன்னீரைத் தவிர மற்றதெல்லாம் கிடைத்தது. சின்னவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் தானும் ஒன்றைப் போட்டுக்கொண்டு, "ரோஸ்மில்க் மாதிரி இருக்கும்மா" என்றாள். யாரும் கேட்காமலே சொன்னாள்.

ஐந்து கிலோ வாங்கி வந்தோம். அண்ணன் காசு வாங்கவில்லை.

அக்டோபர் 14, திங்கள்

ஒயினுக்கு ஜாடி போட்டாயிற்று. அம்மா போடுகிற அதே கணக்கு: பழத்தைக் காம்பிலிருந்து உதிர்த்து, உப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் துணி விரித்துக் காயவிட வேண்டும். கிலோவுக்கு முக்கால் கிலோ சர்க்கரை, கொதித்து ஆறிய தண்ணீர், ஒரு கைப்பிடி கோதுமை, நாலு கிராம்பு, ஒரு துண்டு பட்டை, ஒரு கரண்டி ஈஸ்ட். கால் ஜாடி காலியாக விட வேண்டும், இல்லாவிட்டால் பொங்கி வழியும். வாயில் துணிதான் கட்ட வேண்டும், மூடி போட்டு இறுக்கக் கூடாது.

21 நாள். நவம்பர் 4.

அக்டோபர் 16, புதன்

தோலெல்லாம் மேலே மிதந்து தொப்பி மாதிரி நிற்கிறது. மரக்கரண்டியால் அமுக்கிவிட்டேன். நிறம் தோலில்தான் இருக்கிறது, சாற்றில் இல்லை, அதனால் தினமும் அமுக்கினால்தான் சிவப்பு இறங்கும். ஜாடியில் காதை வைத்தால் சத்தம் கேட்கிறது. தூரத்தில் ஓட்டு வீட்டின் மேல் தூறல் விழுவது போல. இத்தனை வருஷமும் மோந்து பார்த்தே எந்த நாள் எப்படி இருக்கிறது என்று சொல்லிவிடுவேன், காதை வைத்ததே இல்லை.

அக்டோபர் 17, வியாழன்

ஐப்பசி பிறந்தது. டப்பாக்களில் மாற்றம் இல்லை.

அக்டோபர் 19, சனி

இவர் நாசிக் ஒயின் ஒரு பாட்டில் வைத்திருந்தார், ஷிராஸ், என் பிறந்தநாளுக்கென்று. அது ஜூலையில் போயிற்று. இன்று திறந்தார். சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடி என்று எல்லோரும் எழுதுகிறார்கள், அது 16, 18 டிகிரி குளிர் உள்ள வீடுகளுக்கு எழுதியது, நம் மதுரை வீட்டில் ஐப்பசியில்கூட அறை 30க்குக் கீழே வராது, அந்தச் சூட்டில் ஒயினைக் குடித்தால் சாராயம்தான் முன்னால் நிற்கும். அரை மணி நேரம் பிரிட்ஜில் வைத்துத்தான் எடுப்போம். இதையெல்லாம் நானே சொல்லிக்கொடுத்தது இவருக்கு. போன வருஷம் இதே ஒயினில் மிளகு இருக்கிறது, நாவற்பழம் இருக்கிறது, கொஞ்சம் புகை இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன், இவர் நோட்டில் எழுதி வைத்தார்.

இன்று புளித்த தண்ணீர். நாக்கில் துவர்ப்பு ஏறிப் பிடித்தது, தொண்டையில் சூடு இறங்கியது. மிளகு எங்கே போயிற்று. இவர் ஒன்றும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை, இரண்டாவது கிளாஸ் ஊற்றவும் இல்லை. நமக்கு அறுசுவை என்று பெயர் வைத்து எண்ணிக் கொடுத்திருக்கிறார்கள், எனக்கு அந்த ஆறும் அப்படியே இருக்கிறது. சாப்பாட்டில் பாதிக்கு மேல் மூக்குதான் என்று இப்போது தெரிகிறது. ஒயினில் முக்கால்வாசி.

அக்டோபர் 25, வெள்ளி

என்ன மழை. செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் போய்விட்டது. ஸ்கூலிலிருந்து சின்னவள் வந்து சேர இருட்டிவிட்டது. ஜாடியை அடுப்படி மேடைக்கு மேலே ஏற்றி வைத்தேன்.

அக்டோபர் 27, ஞாயிறு

அண்ணன் தோட்டத்தில் மீதம் நின்ற ரெண்டு வரிசையும் போயிற்று. கனிந்த பழம் தண்ணீரைக் குடித்தால் உப்பி வெடித்துவிடும், வெடித்தால் பூஞ்சை. "விடும்மா, முக்காவாசி வெட்டிட்டோம்ல" என்றார். மனசு கேட்கவில்லை.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. தெருவே புகைமூட்டம். எனக்குக் கண் மட்டும் எரிந்தது.

நவம்பர் 2, சனி

கல்லறைத் திருநாள். அம்மாவுக்கு மல்லிகைச் சரம் கொண்டுபோனேன், விலை ஏறிக் கிடக்கிறது. வைத்துவிட்டு, யாரும் பார்க்காதபோது திரும்ப எடுத்து முகத்தோடு அழுத்திப் பார்த்தேன். ஈரம். அம்மா, ஜாடி நாளன்றைக்கு வடிகட்ட வேண்டும், யார் சொல்வது எனக்கு, சரியாக வந்திருக்கிறதா இல்லையா என்று.

நவம்பர் 3, ஞாயிறு

தூக்கம் இல்லை. வினிகர் ஆகியிருந்தால்? பழ ஈ ஒன்று துணியின் மேல் உட்கார்ந்திருந்ததை வியாழக்கிழமை பார்த்தேன். ஒரே ஒரு ஈ உள்ளே போனால் போதும், அதன் காலில் ஒட்டி வருகிற பாக்டீரியா காற்று பட்டதும் மதுவையெல்லாம் காடியாக்கிவிடும். முதலில் வாசனையில்தான் தெரியும், நகப்பூச்சு நெடி மாதிரி லேசாக வரும், அப்போதே பிடித்தால் உண்டு. நாக்குக்குத் தெரிகிறபோது காலம் கடந்திருக்கும். நடு ராத்திரி எழுந்து போய்க் காதை வைத்தேன். சத்தம் அநேகமாக நின்றுவிட்டது. சர்க்கரை தீர்ந்தால் நிற்க வேண்டியதுதான், அது சரியான அடையாளம்தான், ஆனாலும் அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை. துணியை அவிழ்க்கவா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தேன். இவர் வந்து லைட்டைப் போட்டார்.

நவம்பர் 4, திங்கள்

வடிகட்டியாயிற்று. சின்னவளை நாற்காலியில் ஏற்றி ஜாடி வாயில் குனிய வைத்தேன். முதலில் முகத்தைச் சுளித்தாள். எனக்கு உயிர் போயிற்று. "இல்லம்மா, மூக்குல ஏறுது, அவ்வளவுதான். இரு." மறுபடி குனிந்தாள். "பழைய திராட்சை. பிரெட். அப்புறம் ரோஜா, ஆனா காஞ்ச ரோஜா. கிறிஸ்துமஸ் கேக் மாதிரி." வினிகர் இருக்கிறதா என்று மூன்று தடவை கேட்டேன். இல்லை, இல்லை, இல்லை.

அவள் மூக்கு நல்ல மூக்கு. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு நாக்கில் ஒரு சொட்டுகூடக் கொடுக்கவில்லை, மோந்தே இத்தனை சொன்னாள்.

நவம்பர் 10, ஞாயிறு

மறுபடி கம்பம் பள்ளத்தாக்கு. அண்ணனுக்குப் பழக்கமான ஒருவர் மூலம் ஒயின் ஆலைக்குள் போய்ப் பார்க்க முடிந்தது. எவர்சில்வர் தொட்டிகள் இரண்டு ஆள் உயரம், சுற்றிலும் குளிர்ந்த தண்ணீர் ஓடுகிற சட்டை, வெளியே டிகிரி காட்டுகிற மீட்டர். நாம் ஜாடியை ஈரச்சாக்கில் நிறுத்தி வைப்பதைத்தான் அவர்கள் மிஷினால் செய்கிறார்கள். பெரியவர் ஒருவர் சுற்றிக் காட்டினார். சின்ன டார்ச் மாதிரி ஒரு கருவி, அதில் ஒரு சொட்டுச் சாறு விட்டு வெளிச்சத்தைப் பார்த்தால் சர்க்கரை நூற்றுக்கு எத்தனை என்று கோடு காட்டும். ஒயினுக்கென்றே வளர்க்கிற ரகம் 22, 24 வரை ஏறும், பன்னீர் அவ்வளவு ஏறாது. லிட்டருக்கு 17 கிராம் சர்க்கரை நுரைத்துத் தீர்ந்தால் ஒரு சதவீத ஆல்கஹால். அம்மா எதற்காக அவ்வளவு சர்க்கரை போட்டார் என்று அங்கே நின்றபோது புரிந்தது. தொட்டிக்குள் தலையை விடாதீர்கள் என்று இரண்டு தடவை எச்சரித்தார், நுரைக்கும்போது வருகிற காற்று கீழேயே தங்கும், ஆளை மயக்கிப் போட்டுவிடும்.

அப்புறம் கிளாஸ் வந்தது. சுழற்றுங்கள், மூக்கை உள்ளே விடுங்கள் என்றார். எனக்கு வாசனை வராது என்று சொல்லிவிட்டேன். வெளியாளிடம் இதைச் சொன்னது இதுதான் முதல் தடவை. அவர் பாவம் பார்க்கவில்லை, அதற்காக அவருக்கு என்றைக்கும் நன்றி. "அப்ப வாய வச்சுப் பாருங்கம்மா. ஈறுல எங்க புடிக்குதுன்னு மட்டும் சொல்லுங்க" என்றார். முதல் கிளாஸ் இளசு, கொட்டைப்பாக்கு போட்டது போல ஈறு முழுக்க இழுத்தது. இரண்டாவது மரப்பீப்பாயில் இருந்தது, அதே துவர்ப்பு, ஆனால் இழுக்கவில்லை, வழித்துக்கொண்டு போயிற்று, பட்டுத்துணி மாதிரி. பீப்பாயின் கட்டை வழியாக மெல்ல மெல்லக் காற்று படப்பட அந்தத் துவர்ப்பு தன்னோடு தானே சேர்ந்து மெதுவாகிவிடுமாம். எனக்கு வித்தியாசம் தெரிந்தது! இவரைவிட முன்னால் சொன்னேன். மூன்றாவது கிளாஸில் எது எந்த வயது என்று நானே சொன்னேன்.

வரும் வழியில் பஸ்ஸில் நன்றாகத் தூங்கினேன்.

நவம்பர் 12, செவ்வாய்

எம்.ஏ.வில் மனப்பாடம் செய்தது, இன்று பாத்திரம் துலக்கும்போது தானாக வந்தது. புறநானூறு 56, நக்கீரர் பாண்டியன் நன்மாறனுக்குப் பாடியது. "யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறல்." யவனர், அதாவது கிரேக்க, ரோம வணிகர்கள், கப்பலில் கொண்டுவந்த ஒயின்தான் அது, வைகை கடலில் சேர்கிற அழகன்குளத்தில் அவர்களுடைய ஒயின் குடங்களின் ஓடுகள் கிடைத்திருக்கின்றன. ராஜாவைத் தினமும் அதைக் குடித்து மகிழ்ந்திரு என்கிறார். இனிக்கிற தேறல் என்று சொல்லவில்லை பாருங்கள். தண்கமழ். குளிர்ந்து மணக்கிற. எனக்குத் தண் மட்டும் இருக்கிறது.

நவம்பர் 15, வெள்ளி

இல்லை. இல்லை. குத்தல். குளிர்.

நவம்பர் 21, வியாழன்

பாரிஸிலிருந்து சித்தி மகள் வீடியோவில் வந்தாள். நவம்பர் மூன்றாவது வியாழன், போஜொலே நுவோ என்கிற பிரெஞ்சுப் புது ஒயின் வருகிற நாள், செப்டம்பரில் பறித்த பழம் இன்றைக்கு பாட்டிலில். கொத்தோடு முழுசாகத் தொட்டியில் போட்டு, காற்றில்லாமல் பழத்துக்குள்ளேயே நுரைக்க விடுகிறார்கள், அதனால்தான் இவ்வளவு சீக்கிரம். மூடியைத் திறந்ததும் "அக்கா, வாழைப்பழம் மணக்குது, நம்ம ஊர் பச்சப்பழம்" என்று போனுக்குப் பக்கத்தில் கிளாஸைக் கொண்டுவந்தாள். அவளுக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. நானும் மூக்கைப் போன்கிட்டே கொண்டுபோனேன், அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன்.

நவம்பர் 24, ஞாயிறு

காபியில் டயர் எரிகிற நாற்றம். டிகாக்‌ஷன் கெட்டுவிட்டது என்று கொட்டிவிட்டு மறுபடி போட்டேன். அதே நாற்றம். இவரைக் குடிக்கச் சொன்னேன், நன்றாக இருக்கிறது என்றார்.

நாற்றம். எனக்கு.

நவம்பர் 26, செவ்வாய்

12 வாரம் முடிந்தது. டாக்டர் கேட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். நரம்பு திரும்ப முளைக்கும்போது இணைப்பு மாறி மாறி விழும், அதனால் முதலில் தப்பான வாசனை வருவது உண்டு, நல்ல அறிகுறி, டப்பாக்களை நிறுத்தாதீர்கள் என்றார். வாசலில் பூக்காரம்மாவிடம் இரண்டு முழம் வாங்கித் தலையில் வைத்துக்கொண்டேன்.

நவம்பர் 29, வெள்ளி

வெங்காயம் வதக்கினால் அழுகல். பூண்டு, அதைவிட மோசம். தயிர்ச்சாதம் மட்டும் இறங்குகிறது. நல்ல அறிகுறி, நல்ல அறிகுறி. குமட்டுகிறது.

டிசம்பர் 1, ஞாயிறு

கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலம் தொடங்கியது. புதுச்சேரிப் பக்கம் புயல், இங்கே மூடாக்கு. ஜாடியைக் கிட்டப் போய்ப் பார்க்கவில்லை. அதுவும் டயராக இருந்தால் தாங்க மாட்டேன்.

டிசம்பர் 8, ஞாயிறு

மண்டி அடியில் இறங்கி மேலே தெளிந்து நிற்கிறது. ரப்பர்க் குழாய் வைத்து, மண்டி கலங்காமல் பாட்டிலுக்கு மாற்றினோம், இவர் குழாயைப் பிடித்தார், சின்னவள் பாட்டிலை. பல்புக்கு நேரே தூக்கிப் பார்த்தால் மாதுளை நிறம். எட்டு பாட்டில். இரண்டு அண்ணனுக்கு. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டே வேலை செய்தேன், யாரும் கவனிக்கவில்லை.

டிசம்பர் 12, வியாழன்

காலை: ரோஜா இல்லை. எலுமிச்சை, ஏதோ பிளாஸ்டிக் மாதிரி. கிராம்பு டப்பாவைத் திறந்தேன், குத்துவதற்கு முன்னாலேயே ஒன்று வந்தது. சட்டென்று வந்து போயிற்று. டயர் இல்லை. அடுப்பில் பால் இருக்கிறது, அணைத்துவிட்டு வந்து மறுபடி பார்க்கிறேன்