கட்டளை தசைக்குப் போய்ச் சேர்கிறதா?

இடப்பக்க மூளையில் வந்த பக்கவாதம் என் வலக்கையை முடக்கிப்போட்டது. சில மாதப் பயிற்சியில் கையைத் தூக்க முடிந்ததும் வீட்டில் எல்லோருக்கும் ஒரே மகிழ்ச்சி. பிசியோதெரபிஸ்ட் மட்டும் என் தோளையே கவனித்தார். தோளை ஏற்றி, உடம்பைச் சாய்த்துத்தான் கையை மேலே கொண்டுபோகிறேன். மணிக்கட்டும் விரல்களும் இன்னும் விழிக்கவில்லை என்றார். மூளையின் கட்டளை முன்கைத் தசை வரை வருகிறதா என்று அளக்கும் ஓர் ஆய்வில் அவர்தான் என்னைச் சேர்த்துவிட்டார்.

வலி எதுவும் இல்லை. தலையில், மூளையின் மின்துடிப்பைப் பதியும் இ.இ.ஜி. தொப்பியை மாட்டி, ஒவ்வொரு துளையிலும் பசை நிரப்பினார்கள். முன்கைத் தோலைத் தேய்த்துச் சுத்தம் செய்து, தசையின் மின்துடிப்பைப் பதியும் இ.எம்.ஜி. மின்முனைகளை ஒட்டினார்கள். பிறகு ஒரு கைப்பிடியை மெல்ல அழுத்தியபடி, திரையில் தெரியும் கோட்டிலிருந்து விலகாமல் இருக்க வேண்டும். கேட்க எளிது. வலுவில்லாத கை அழுத்தும்போது பல் தானாகக் கடித்துக்கொள்கிறது. தாடைத் தசையின் துடிப்போ மூளைப் பதிவையே மூழ்கடித்துவிடும். "பல்லைத் தளர விடுங்கள், அவசரமில்லை" என்று அந்த ஆய்வாளர் சலிக்காமல் சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தப் பொறுமைக்கு நான் கடன்பட்டவன்.

இப்படி நிலையாக அழுத்தும்போது மூளையின் இயக்கப் பகுதியும் தசையும் நொடிக்கு 15 முதல் 30 துடிப்பு வரையிலான தாளத்தில் ஒத்துப்போகும். அந்த ஒத்திசைவைத்தான் கணக்கிடுகிறார்கள். இடக்கையின் வரைபடத்தில் அந்த இடத்தில் கூர்மையான முகடு. வலக்கையில் சிறு மேடு. விரல் சரியாக மடங்காத நிலையிலும் அந்த மேடு இருந்ததே, அது போதும் எனக்கு. கண் கலங்கிவிட்டது.

அடுத்தடுத்த அளவீடுகளில் மேடு உயர்ந்தது. ஒருமுறை தாழ்ந்தும் போனது. களைப்பும் கவனமும்கூட இந்த எண்ணை மாற்றும், நலமாக இருப்பவர்கள் சிலரிடமே அது குறைவாகத்தான் இருக்கும், ஆகவே ஒற்றை அளவை வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது என்று விளக்கினார்கள். இதைச் செய்துகொள்கிறவர்கள் நன்றாகத் தூங்கிவிட்டுப் போங்கள்; பக்கத்துப் படுக்கைக்காரரின் எண்ணோடு ஒப்பிடாதீர்கள்.

எனக்குக் கிடைத்த பெரிய பயன் பயிற்சி மாறியதுதான். இப்போது தெரபிஸ்ட் என் தோளைப் பட்டையால் கட்டிவிட்டு மணிக்கட்டை மட்டும் நிமிர்த்தச் சொல்கிறார். கை முன்பளவு உயர்வதில்லை. ஆனால் ஆள்காட்டி விரல் தனியே நீள்கிறது.