தீவுக்குப் போற கிழமைகள்

யூலை 5, சனி
குறிகாட்டுவான் இறங்குதுறையில ரெண்டு மணித்தியாலம் காவல். சோளகக் காத்து அடிக்குது, படகு வெளிக்கிடுமோ எண்டு ஆளுக்கொரு கதை. இறையியல் படிக்கிற நான் கிரேக்க வினைப் பட்டியலை மடியில வைச்சு லூஓ, லூஎயிஸ், லூஎய் எண்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தன். பக்கத்தில இருந்த அண்ணை, "மந்திரமோ தம்பி?" எண்டார். ஓம் எண்டன்.

யூலை 6, ஞாயிறு
ஆராதனைக்குப் பதினொரு பேர். பின்னேரம் சபையில உள்ள ஒரு ஆச்சி வீட்டை போனன். யோவான் 11, செத்த லாசருவை இயேசு அவன்ர சகோதரியளுக்கு எழுப்பிக் குடுக்கிற அதிகாரம், வாசிக்கச் சொன்னா. "இயேசு கண்ணீர் விட்டார்" வந்ததும் கையைத் தூக்கினா.
"போதும் தம்பி. அங்கால வேண்டாம். அவளவைக்கு ஆள் வந்திட்டான்."
ஜெபம் பண்ணவும் எனக்கு வாய் வரேல்லை. காணாமல் ஆக்கப்பட்டவரைத் தேடுற கடுதாசியள் உள்ள பச்சைப் பைல் அவவின்ர மடியிலயே கிடந்தது. தேத்தண்ணி குடிச்சிட்டு வெளிக்கிட்டன்.

யூலை 8
கிரேக்கச் சோதினை. 50க்கு 31. ஆறுமுக நாவலர் பேர்சிவல் பாதிரியாரோட இருந்து பைபிள் மொழிபெயர்த்த ஊர் இந்த யாழ்ப்பாணம். நான் ஒரு வினைச்சொல்லுக்கு முழிக்கிறன்.

யூலை 9
வெர்பாட்டிம் எழுத வேணும். சந்திச்ச ஆளோட கதைச்சதைச் சொல்லுக்குச் சொல் எழுதிக் குடுக்க, வகுப்பில எல்லாருமாப் பிரிச்சுப் பார்ப்பினம். பொய்சன் எண்ட அமெரிக்கப் போதகர் 1925இல ஒரு மனநோய் ஆஸ்பத்திரியில இறையியல் மாணவர்களைக் கூட்டிவைச்சுத் தொடங்கின பயிற்சியில இருந்து வளர்ந்த வழக்கம் இது. அவரே முதல் நோயாளியாக் கிடந்து எழும்பினவர். நூலகத்தில இருக்கிற புத்தகம் மாதிரி ஆக்களையும் வாசிக்க வேணும் எண்டு நினைச்சார். வாசிக்கலாம். ஆச்சி பக்கத்தை மூடினால் என்ன செய்யிறது?
ஆச்சி 1, நான் 1, ஆச்சி 2, நான் 2. எல்லாம் வந்திட்டுது. நான் 3 வெறுமை. "மௌனம்" எண்டு போட்டால் சேர் விடார். எவ்வளவு நேரம், அப்ப உமக்கு என்ன நடந்தது, ஏன் நிலத்தைப் பார்த்தனீர் எண்டு தோண்டுவார். மூண்டு தரம் எழுதிக் கிழிச்சாச்சு. ஒண்டில நான் ஆறுதல் வசனம் சொன்னதா எழுதினன். பச்சைப் பொய். வடிவாவும் இருந்தது.

யூலை 10, இரவு
நித்திரை வரேல்லை. லாசருவை "கட்டவிழ்த்துவிடுங்கள்" எண்ட இடத்தில கிரேக்கத்தில லூசாத்தே. ரெண்டாம் அதிகாரத்தில "இந்த ஆலயத்தை இடித்துப்போடுங்கள்" எண்டதும் அதே லூசாத்தே! அவிழ்க்கிறதுக்கும் இடிக்கிறதுக்கும் ஒரே சொல். லாசருவின்ர சகோதரி மரியாள் அழுதது வாய்விட்டு அழுகிற சொல்லு, இயேசுவுக்கு வாறது கண்ணீருக்கு மட்டும் உள்ள சொல்லு. தமிழிலயும் பிரிச்சுத்தான் போட்டிருக்கினம், இவ்வளவு நாளும் கவனிக்கேல்லை. ஆச்சியும் அண்டைக்குச் சத்தம் போடேல்லை.

யூலை 12
படகு இல்லை. சந்தோசப்பட்டன். பிறகு வெக்கமாப் போச்சு.

யூலை 14
ஞாபகம் வந்திட்டுது. வாசல்ல செருப்புப் போடேக்க ஆச்சி கேட்டவ: "கடல்தண்ணி படாத பை ஒண்டு யாழ்ப்பாணத்தில கிடைக்குமே? பைலுக்கு." வாங்கிக்கொண்டு வாறன் எண்டன். இதுதான் நான் 3. அப்பிடியே எழுதிக் குடுத்தன். பெரியகடையில மூண்டு கடை ஏறி இறங்கி, சிப் வைச்ச தடிச்ச பை ஒண்டு வாங்கினன்.

யூலை 17
ஆடிப்பிறப்பு. பக்கத்து வீட்டு அன்ரி மதிலால கூழ் தந்தா, பிலாவிலையும் சேர்த்து.

யூலை 18
சேர் தாளைத் திருப்பித் தந்தார். நான் 3க்குக் கீழ சிவப்பில ஒரு கோடு, வேற ஒண்டும் இல்லை. சரியோ பிழையோ தெரியேல்லை.

யூலை 20, ஞாயிறு
பிரசங்கம் யோவான் 11. நடுங்கி நடுங்கி 44 வரைக்கும் வாசிச்சன். ஆச்சியின்ர வாங்கில ஒருதரும் இல்லை. வீட்டை போனால் பூட்டு. கிளிநொச்சியில காணாமல் ஆக்கப்பட்டவையின்ர உறவுகள் இருக்கிற போராட்டப் பந்தலுக்கெண்டு நேற்றுக் காலமை முதல் படகில போயிட்டாவாம். பைலைச் சீலைக்குள்ள சுத்திக்கொண்டு போனவவாம்.
பை என்னட்டத்தான் கிடக்கு. சிப் கொஞ்சம் இறுக்கம், மெழுகுதிரி தேய்ச்சுப் பார்க்க வேணும்.